காலைச் சர்க்கரையைப் பார்த்து ஏமாறாதீர்கள்: ஸ்டீராய்டு மாத்திரை எடுப்போருக்கு ஒரு கையேடு

ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய், தோல் கொப்புளம், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை என்று எத்தனையோ காரணங்களுக்காக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தரப்படுகிறது. மருந்து சொன்னபடி வேலை செய்யும். மூச்சுத் திணறல் அடங்கும், வீங்கிய மூட்டு மடங்கும். கூடவே பசி பிடுங்கும், தூக்கம் கெடும், முகம் உப்பும். மூன்றாவது வாரம் சிங்கப்பூரின் பலதுறை மருந்தகம் ஒன்றில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் சர்க்கரை லிட்டருக்கு 5.6 மில்லிமோல் என்று வரலாம் (இங்கே வரும் சர்க்கரை எண்கள் எல்லாம் இந்த அலகில்தான்). நிம்மதியாக வெளியே வந்து மதியம் பிரியாணி சாப்பிடுவோர் நிறையப் பேர். அன்று மாலை 4 மணிக்கு அதே விரலைக் குத்திப் பார்த்திருந்தால் மீட்டர் 14 காட்டியிருக்கக்கூடும்.

இரண்டு எண்ணுமே உண்மைதான். ஸ்டீராய்டு ஏற்றும் சர்க்கரைக்கு ஒரு கடிகாரம் உண்டு. அந்தக் கடிகாரம் பிடிபட்டுவிட்டால் எப்போது விரலைக் குத்துவது, எந்த வேளைச் சோற்றைக் குறைப்பது, எப்போது மருத்துவரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

உடம்புக்குள் நடப்பது

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல் உட்கார்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். அவற்றின் வெளிப்பட்டை கொலஸ்டிராலை மூலப்பொருளாக வைத்துக் கார்ட்டிசால் செய்கிறது. இது உடம்பின் சொந்த ஸ்டீராய்டு; பிரெட்னிசோலோன் செய்வதும் இதன் வேலையைத்தான். உத்தரவு மேலிருந்து வருகிறது: மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பும், அட்ரினல் சுரக்கும். ரத்தத்தில் கார்ட்டிசால் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே மேலே போய் உத்தரவை நிறுத்திவிடும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள். மாத்திரையைத் திடீரென்று ஏன் நிறுத்தக்கூடாது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

நள்ளிரவை ஒட்டிக் கார்ட்டிசால் அடிமட்டத்தில் இருக்கும். விடியுமுன் ஏறத் தொடங்கி, கண் விழித்த அரை மணி முக்கால் மணிக்குள் உச்சத்தைத் தொடும். பிறகு நாள் முழுக்க மெல்ல இறங்கும். இரவெல்லாம் வயிறு காலி. எழுந்து நடமாட எரிபொருள் வேண்டும். மூளைக்கு இடைவிடாமல் குளுக்கோஸ் வேண்டும். கையிருப்பைத் திறந்துவிடும் வேலை கார்ட்டிசாலுடையது.

வருமானம் நின்றுபோன வீட்டில் என்ன செய்வோம்? முதலில் அரிசிப் பானையைத் துழாவுவோம், பிறகு சேமிப்பை எடுப்போம், அதுவும் போதாதென்றால் நகை அடகுக்கடைக்குப் போகும். கார்ட்டிசால் நடத்தும் குடும்பமும் அப்படித்தான். ஈரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கச் சொல்கிறது. அதற்கு மூலப்பொருள் வேண்டுமே, தசையின் புரதத்தை உடைத்து அமினோ அமிலமாக ஈரலுக்கு அனுப்புகிறது. இதுதான் அந்த நகை. கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்களையும் கிளிசராலையும் வெளியே விடுகிறது. தசையும் கொழுப்பும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் வேகத்தைக் குறைக்கிறது. இன்சுலின் வாசலில் நின்று தட்டினாலும் கதவு பாதிதான் திறக்கும். கணையம் இன்சுலின் சுரப்பதையும் மந்தப்படுத்துகிறது. போதாதற்கு மூளையில் பசியை எழுப்புகிறது, அதுவும் இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் நாக்கை இழுக்கும் பசி.

பஞ்ச காலத்துக்கு இது அருமையான ஏற்பாடு. வருமானம் நிற்கவே இல்லை, மூன்று வேளையும் தட்டு நிறைகிறது, அப்போதும் வீட்டில் நகை அடகுக்குப் போய்க்கொண்டிருந்தால்? அதிக ஸ்டீராய்டு எடுக்கும் உடம்பின் நிலை அதுதான். ஈரல் கொட்டும் சர்க்கரையோடு சாப்பாட்டுச் சர்க்கரையும் சேர்கிறது. அதைச் சமாளிக்கக் கணையம் இன்சுலினைக் கூட்டுகிறது. கார்ட்டிசாலும் இன்சுலினும் ஒன்றாக உயரும்போது கொழுப்பு வயிற்றுக்குள் சேரும். வயிற்றுக் கொழுப்பில் கார்ட்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதிகம். செயலற்ற கார்ட்டிசோனைத் திரும்பவும் கார்ட்டிசாலாக மாற்றும் நொதியும் அங்கே வேலை செய்கிறது. அதனால்தான் கை கால் மெலிந்து, வயிறும் முகமும் பிடரியும் பருக்கும் அந்தத் தோற்றம். எடை எந்திரத்தில் ஏறியது மூன்று கிலோதான் என்றாலும், உள்ளே தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கும். எண் அதைச் சொல்லாது.

இன்னொன்று. ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, ஏற்பியோடு சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கியோ அடக்கியோ வேலை செய்கிறது. புது நொதிகள் உருவாகி வேலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். காலை 8 மணிக்கு விழுங்கிய பிரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றுவது ஏறத்தாழ நண்பகலுக்குத்தான். உச்சம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலை வரை. இரவில் அதன் பிடி தளர்ந்து, விடிகாலையில் சர்க்கரை பழைய நிலைக்கு வந்துவிடும். வெறும் வயிற்றுச் சோதனை பார்ப்பது சரியாக அந்த அமைதியான வேளையை.

எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு

ஆரோக்கியமான உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால் ஏறத்தாழ 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். நாளுக்கு 40 மி.கி. எடுப்பவர் எட்டு நாள் கார்ட்டிசாலை ஒரே காலையில் விழுங்குகிறார். மாத்திரையின் பெயர் மாறினால் எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது: பிரெட்னிசோலோன் 5 மி.கி., ஹைட்ரோகார்ட்டிசோன் 20 மி.கி., மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி., டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி. ஆகிய நான்கும் ஒரே பலம். '4 மி.கி. டெக்சாமெத்தசோன்' கேட்கச் சின்னதாக இருக்கும்; அது 25 மி.கி. பிரெட்னிசோலோனைத் தாண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று எழுதியிருந்தால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, 9 மணிக்குள் எடுத்துவிடுங்கள். உடம்பின் சொந்த உச்சம் வரும் வேளை அதுதான். சாயங்காலம் எடுத்தால் இரவுத் தூக்கம் போகும், விடிகாலையில் வர வேண்டிய சொந்தச் சுரப்பும் அதிகமாக அடங்கும். காலையில் மறந்துவிட்டு மதியம் நினைவு வந்தால் அப்போதே எடுக்கலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய அளவு மட்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கக்கூடாது.

இரவு வேலை பார்ப்போருக்குக் 'காலை' எது என்ற குழப்பம் வரும். விமான நிலையம், காவல் பணி, கப்பல் பட்டறை என்று இங்கே நம்மவர் பலருக்கு இரவு ஷிப்ட் உண்டு. நிரந்தரமாக இரவு வேலை என்றால் தூங்கி எழுந்து சாப்பிட்டதும் எடுப்பது பொருந்தலாம். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவருக்கு அது சரிவராது, ஏனென்றால் உடம்பின் கடிகாரம் அவ்வளவு வேகமாகத் திரும்பாது. ஷிப்ட் அட்டவணையை மருந்தாளரிடம் காட்டி ஒரு நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

விரலைக் குத்த வேண்டிய நேரம்

காலை ஒரு வேளை மாத்திரை எடுப்பவர் ஒரு நாளில் ஒரே ஒரு முறைதான் பார்க்க முடியும் என்றால், மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தோ இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன்போ பாருங்கள். காலை, இரவு என்று இரு வேளை எடுப்போருக்கும் டெக்சாமெத்தசோன் எடுப்போருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஏறும், நான்கு வேளையும் பார்க்க வேண்டிவரலாம். எச்பிஏ1சி பரிசோதனையை நம்பி இருக்க வேண்டாம். அது இரண்டு மூன்று மாதச் சராசரி. இரண்டு வாரமாக மாலையில் மட்டும் ஏறும் சர்க்கரை அதில் கரைந்துபோகும்.

சர்க்கரை நோயே இல்லாதவரும் மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம் மாலை அளவைப் பார்ப்பது நல்லது. 50 வயதைத் தாண்டியவர், பெற்றோருக்கு நீரிழிவு உள்ளவர், கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்தவர், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டியவர், இவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணை 3, 4 கூட்டிவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியாதீர்கள், திசு நீர் கலந்து எண் தப்பாகும். கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து மெல்ல நீவுங்கள். இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். சோதனைப் பட்டையை எடுத்த கையோடு அதன் குப்பியை மூடுங்கள், சமையலறைச் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். ஈரம் பட்ட பட்டை காட்டும் எண்ணை நம்ப முடியாது.

மாலை அளவு 11-க்குக் கீழே இருந்தால் குறித்துவைத்துக்கொண்டு தொடருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து 12-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். 20-ஐத் தாண்டினாலோ, எண் எதுவாக இருந்தாலும் அடங்காத தாகம், மணிக்கொரு முறை சிறுநீர், வாந்தி, தூக்கக் கலக்கம் சேர்ந்தாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வயதானவர்களுக்கு இந்த நிலையில் உடம்பு வறண்டு மயக்கம் வரை போகும். எண்களை எழுதும்போது மாத்திரை எடுத்த நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். நேரமில்லாத எண் மருத்துவருக்குப் பாதி உதவிதான்.

தட்டில் என்ன இருக்கலாம்

கடிகாரத்தின்படி பார்த்தால் காலைச் சாப்பாட்டை உடம்பு ஓரளவு தாங்கும், மதியச் சாப்பாட்டைத் தாங்காது. நாம் செய்வது நேர்மாறு: காலையில் ஒரு கோப்பி, மதியம் உணவங்காடி நிலையத்தில் ஒரு தட்டு நிறையச் சோறு, 4 மணிக்கு 'தே தாரிக்' என்ற இனிப்புப் பால் தேநீரும் வாழைப்பழப் பஜ்ஜியும். சர்க்கரை ஏறும் வேளையிலேயே மாவுச்சத்தும் இனிப்பும் வந்து சேர்கின்றன. எதையும் விலக்காமல் இந்த வரிசையை மட்டும் மாற்றினாலே மாலை எண் இறங்குவதைப் பார்க்கலாம். இட்லி, தோசை, உப்புமா காலையில் இருக்கட்டும். மதியச் சோற்றைப் பாதியாக்குங்கள்.

100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. உணவங்காடியில் ஒரு தட்டில் 200 கிராமுக்கு மேல் சோறு வைப்பது சாதாரணம். கோழிச் சோறு வாங்கினால் சோறு பாதி, தோல் நீக்கிய கோழி, வெள்ளரி அதிகம் என்று கேளுங்கள், கொடுப்பார்கள். அந்தச் சோறு கோழிக் கொழுப்பில் வேகவைத்தது என்பதும் நினைவிருக்கட்டும். வேண்டியதை நாமே பொறுக்கி எடுக்கும் இயோங் டாவ் ஃபூ கடை ஸ்டீராய்டு எடுப்போருக்கு நல்ல இடம்: கீரை, கத்தரிக்காய், வெண்டை, தௌகுவா (கெட்டி சோயாக்கட்டி) எடுத்து, சூப்பில் போடச் சொல்லி, இனிப்புச் சாஸை ஒதுக்குங்கள், மீ (நூடுல்ஸ்) பாதி போதும். மீன் சூப்பும் அப்படியே. ஆனால் சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடிக்காதீர்கள். ஸ்டீராய்டு சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கும், உப்பு தண்ணீரைத் தேக்கும், கணுக்கால் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு கிலோ இரண்டு கிலோ சடாரென்று கூடினால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். கொழுப்பு அவ்வளவு வேகமாகச் சேராது.

வாழையிலைச் சாப்பாடு என்றால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் பொரியல், கூட்டு, மீனோ கோழியோ, தயிர். சோறு கடைசியில். பசி உச்சத்தில் இருக்கும்போது முதல் கவளம் சோறாக இருந்தால் இரண்டாவது முறை சோறு கேட்பதைத் தடுக்கவே முடியாது. அந்தப் பசியை உங்கள் மனவுறுதியின் குறை என்று நினைத்து வருந்த வேண்டாம். மருந்து மூளையின் பசி மையத்தைத் தூண்டுகிறது, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் ஹார்மோனின் குரலையும் அமுக்குகிறது. ஆகவே பசியோடு மல்லுக்கட்டாமல், அது வரும் 4 மணிக்கு ஏற்கெனவே ஏதாவது தயாராக வைத்திருங்கள்: அவித்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம், அவித்த முட்டை, மோர். வீட்டுச் சமையலைப் பார்க்கும் பணிப்பெண்ணுக்கும் இதை விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

கோப்பிக்கு 'கோப்பி ஓ கோசொங்' (பாலும் சர்க்கரையும் இல்லாதது), தேநீருக்கு 'தே சி கோசொங்' (இனிப்பில்லாத பால் சேர்த்து, சர்க்கரை இல்லாதது) கேட்கப் பழகுங்கள். 'சியூ டாய்' என்றால் சர்க்கரை குறைவு என்றுதான் பொருள். இல்லவே இல்லை என்று பொருளல்ல. பாட்டில் பானங்களில் 2022 டிசம்பர் 30 முதல் நியூட்ரி-கிரேட் முத்திரை வந்திருக்கிறது. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சி', 10 கிராமைத் தாண்டினால் 'டி'. மாத்திரை எடுக்கும் காலம் வரை 'ஏ', 'பி'யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் விடுதியில் இருப்பவருக்குச் சாப்பாடு பொட்டலமாக வருகிறது, தேர்ந்தெடுக்க வழியில்லை. அவர் செய்யக்கூடியது, சோற்றில் கால்வாசியை எடுத்து வைத்துவிட்டு, கடையில் வாங்கிய முட்டை இரண்டோ, ஒரு டின் மத்தி மீனோ சேர்த்துக்கொள்வது. செலவு அதிகமில்லை, பலன் பெரிது.

அடகு போன நகையை மீட்பது

தசைக் கரைவு தொடையிலும் இடுப்பிலும் தோளிலும்தான் முதலில் தெரியும். எம்ஆர்டி ரயில் இருக்கையிலிருந்து எழும்போது கம்பியைப் பிடிக்கத் தோன்றுகிறதா? தலைவாரக் கையை உயர்த்தினால் அயர்கிறதா? படியேற முட்டியில் கை ஊன்றுகிறீர்களா? வலியே இல்லாமல் இந்தப் பலவீனம் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டிலேயே அளக்க ஒரு வழி: கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். கைபேசியில் நேரம் பாருங்கள். வாரம் ஒரு நாள், அதே நாற்காலி, அதே வேளை. உங்கள் நேரத்தை உங்கள் போன வார நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். 11 நொடியில் முடித்தவருக்கு ஒரு மாதத்தில் 16 ஆகிறது என்றால், எடை எந்திரம் சொல்லாததை நாற்காலி சொல்லிவிட்டது.

தசையைக் காப்பது இரண்டு: புரதம், பளு. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது நல்ல குறி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30, வெந்த பருப்பு 100 கிராமில் 8 அல்லது 9. ரசமும் சோறும் அப்பளமுமாக ஒரு வேளை போனால் இந்தக் கணக்கு எட்டவே எட்டாது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. பளுவுக்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. நாற்காலியில் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலை போதும். நடை நல்லதுதான், ஆனால் வெறும் நடை தொடைத் தசையைக் காக்காது. மதியச் சாப்பாடு முடிந்து 15 நிமிடம் நடந்தால் அது சர்க்கரைக்கு உதவும், ஏனென்றால் வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

எலும்பும் கரையும். நாளுக்கு 2.5 மி.கி.க்குக் குறையாமல் மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கப் போகிறீர்கள் என்றால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி நீங்களே கேளுங்கள். கால்சியம் உணவும் மாத்திரையுமாக நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி., வைட்டமின் டி 600 முதல் 800 அலகு.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு

ஆபத்து இரண்டு தடவை வரும். ஸ்டீராய்டு தொடங்கும்போது சர்க்கரை ஏறுவது எல்லோருக்கும் தெரியும். ஸ்டீராய்டு குறையும்போது சர்க்கரை தாழ்வது பலருக்குத் தெரியாது. 40 மி.கி. காலத்தில் கூட்டிய இன்சுலினையோ கிளிகிளசைடு என்ற சர்க்கரை மாத்திரையையோ 10 மி.கி. காலத்திலும் அப்படியே போட்டால், விடிகாலையில் வியர்த்து, நடுங்கி, உளறி எழுந்திருக்க நேரும். ஸ்டீராய்டு அளவு ஒவ்வொரு முறை குறைக்கப்படும்போதும் 'என் சர்க்கரை மருந்தையும் குறைக்க வேண்டுமா?' என்று கேளுங்கள். எலும்பு மருத்துவர் ஒன்றைக் குறைப்பார், பலதுறை மருந்தகம் மற்றொன்றைக் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் பெரும்பாலும் நீங்கள்தான்.

4-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அரை டின் குளிர்பானம் என்ற பழைய அறிவுரையை அப்படியே பின்பற்ற வேண்டாம். இங்கே பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். அரை டின்னில் 15 கிராம் இருக்குமா என்று டின்னில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். தாழ்ந்த நேரத்தில் கண் அதைப் படிக்காது. பையில் மூன்று பொட்டலம் சர்க்கரை வைத்திருங்கள்.

நிறுத்துவதும் குறைப்பதும்

உத்தரவு நின்றுவிடும் என்று முன்பு சொன்னோமே, அது இங்கே வருகிறது. வெளியிலிருந்து நிறைய ஸ்டீராய்டு வருவதால் பிட்யூட்டரி ஏசிடிஎச் அனுப்புவதை நிறுத்துகிறது. வேலையில்லாத அட்ரினல் சுருங்கித் தூங்குகிறது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல், நாளுக்கு 5 மி.கி. அளவிலோ அதிகமாகவோ எடுத்தவர் ஒரு நாள் சட்டென்று நிறுத்தினால் உள்ளே கார்ட்டிசால் செய்ய ஆளில்லை. அசதி, குமட்டல், வயிற்று வலி, எழுந்தால் கண் இருட்டுதல், மூட்டு வலி, பசியின்மை என்று தொடங்கி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். முகம் உப்பிவிட்டதே என்று மனம் நொந்து தாமாகவே மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வருத்தம் புரிகிறது. அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், வேகமாகக் குறைக்க வழியிருந்தால் அவர் குறைப்பார்.

குறைக்கும் வேகம் நோயைப் பொறுத்தது. மேலே இருக்கும்போது பெரிய படிகளாகவும், 5 மி.கி.யை நெருங்கியதும் 1 மி.கி. படிகளாகவும், ஒரு படிக்குச் சில வாரங்கள் விட்டும் இறங்குவது வழக்கம். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அட்ரினல் கண் விழிக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம்.

அதுவரை காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சாதாரண விஷயங்களல்ல. நல்ல உடம்பு காய்ச்சலின்போது கார்ட்டிசாலைப் பல மடங்கு கூட்டும். தூங்கும் அட்ரினலால் அது முடியாது. படுத்த படுக்கையாக்கும் காய்ச்சல் வந்தால் பிரெட்னிசோலோனை நாளுக்கு மொத்தம் 10 மி.கி.க்குக் குறையாமல், 5 மி.கி. வீதம் இரு வேளையாக எடுக்கச் சொல்வது பரவலான வழிமுறை. ஏற்கெனவே 10 மி.கி.க்கு மேல் எடுப்பவருக்கு அதுவே பொதுவாகப் போதும். உங்களுக்கான அளவை நோய்வாய்ப்படும் முன்பே ஒரு தாளில் எழுதி வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். மாத்திரை விழுங்கி அரை மணிக்குள் வாந்தியானால் இன்னொன்று எடுங்கள். அதுவும் வெளியே வந்தால் காத்திருக்கக்கூடாது, ஊசிதான் தேவை. அவசர மருத்துவ ஊர்திக்கான 995-ஐ அழைத்து 'ஸ்டீராய்டை நம்பியிருப்பவர், வாந்தி நிற்கவில்லை' என்ற இரண்டு விஷயத்தையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பெரியவர்களுக்கு அங்கே கொடுப்பது 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன். பல் பிடுங்குவதற்கும் அறுவை சிகிச்சைக்கும் முன்பும் மாத்திரை விவரத்தைச் சொல்லத் தவறாதீர்கள்.

மறைந்து வரும் ஸ்டீராய்டு

மூட்டு வலிக்கு நண்பர் கொடுத்த ஜாமு என்ற மலாய் நாட்டு மருந்து, இணையத்தில் வாங்கிய மூலிகைக் குளிகை, ஜோகூரிலிருந்து வந்த 'இயற்கை' மாத்திரை. இவற்றில் சொல்லாமல் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பத்து வருட வலி இரண்டே நாளில் பறந்தது, பசி கூடியது, முகம் உருண்டது என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் பயந்துபோய்க் குப்பையில் வீசி நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் தின்றிருந்தால் அட்ரினல் ஏற்கெனவே தூங்கிவிட்டது. புட்டியோடு மருத்துவரிடம் போங்கள். மருத்துவர் திட்டுவார் என்று மறைப்பவர்களுக்குத்தான் சிகிச்சை தாமதமாகிறது.

முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் நீரிழிவு உள்ளவருக்குச் சில நாள், சில சமயம் ஒரு வாரம் வரை சர்க்கரையை ஏற்றும். வலுவான தோல் களிம்பைப் பெரும்பரப்பில் மாதக்கணக்கில் பூசுவதும் கணக்கில் சேரும்.

அதிமதுரம் தனிக்கதை. சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலற்றதாக்கும் ஒரு நொதி உண்டு. அதிமதுரத்தின் கிளிசிரைசின் அந்த நொதியைத் தடுக்கிறது. அப்போது கார்ட்டிசால் உப்பைத் தேக்கும் ஹார்மோனின் இடத்தில் போய் உட்கார்ந்து, ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். இருமலுக்கு ஒரு சிட்டிகை என்பது வேறு. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டே தினமும் அதிமதுரக் கஷாயமோ, அதே வேர் சேர்ந்த சீன மூலிகைத் தேநீரோ குடிப்பது வேறு.

நோன்பு, விரதம், ஊர்ப் பயணம்

ரமலானில் காலை ஒரு வேளை மாத்திரையை விடியுமுன் உண்ணும் சஹர் உணவுக்குப் பின் எடுப்பது பலருக்குப் பொருந்தும். ஆனால் சர்க்கரை மாலை அசர் தொழுகை வேளையை ஒட்டி உயர்ந்து, நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் அதன்மேல் சேரும். ஒரு பழம், பாதிக் கிண்ணம் என்று நிறுத்தி, விரலைக் குத்திப் பாருங்கள். பரிசோதனை நோன்பை முறிக்காது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. அட்ரினல் அடங்கியிருப்பவர், இன்சுலின் போடுபவர் நோன்புக்கு முன்பே மருத்துவரின் அனுமதி பெற வேண்டும். தைப்பூசத்துக்கு வாரக்கணக்கில் ஒரு வேளை சாப்பிட்டுக் காவடி எடுப்போருக்கும் அதே நிபந்தனை. விரதச் சாப்பாட்டில் பருப்பும் தயிரும் பனீரும் இல்லாமல் பழமும் பாலும் மட்டும் என்றால் தசைக்கு எதுவும் மிஞ்சாது.

சென்னைக்கோ திருச்சிக்கோ போகும்போது இரண்டரை மணி நேர வித்தியாசம் பெரிய விஷயமில்லை. மறுநாள் அந்த ஊர்க் காலைச் சாப்பாட்டோடு எடுங்கள். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள், ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். ஊரில் மருந்துக்கடைக்காரர் கொடுக்கும் மாற்று மாத்திரையின் பலம் மேலே சொன்ன கணக்கில் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இறங்கி இறங்கி 5 மி.கி.க்கு வந்தபின் அட்ரினல் விழித்துவிட்டதா என்று பார்க்கக் காலை 8 மணி, 9 மணி வாக்கில் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அன்று மாத்திரையை முன்பே விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். பிரெட்னிசோலோன் சில பரிசோதனைகளில் கார்ட்டிசாலாகவே எண்ணப்பட்டு, தூங்கும் சுரப்பியை விழித்ததாகக் காட்டிவிடும். முந்தைய மாத்திரைக்கும் ரத்தத்துக்கும் இடையில் 24 மணி நேரம் இருக்கட்டும். மாத்திரையைக் கையில் எடுத்துப்போய், ரத்தம் கொடுத்ததும் சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் அதையும் சொல்ல வேண்டும், ஈஸ்ட்ரோஜன் அந்த எண்ணைப் பொய்யாக உயர்த்தும். லிட்டருக்கு 300 நானோமோலைத் தாண்டினால் சுரப்பி எழுந்துவிட்டது, நிறுத்தலாம். 150-க்கும் 300-க்கும் இடையில் என்றால் அதே அளவில் தொடர்ந்து, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் விட்டுத் திரும்பப் பார்ப்பார்கள். 150-க்குக் கீழே என்றால் இன்னும் நல்ல தூக்கம். அதே அளவில் சில மாதங்கள் தொடர வேண்டும்.